அத்தானுக்கு நான்கு முறை வந்த மஞ்சள் காமாலை

போன வருடம் ஆடி மாதம் முழுவதும் ஒரு பெரிய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சதுரங்களும் வட்டங்களும் போட்டுக்கொண்டிருந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. மனநிலைக் கோளாறு இருப்பவர்களுக்கு உள்ளே கறுப்பு. ஐந்து தலைமுறை, எண்பத்து மூன்று பேர். கல்லூரியில் முப்பத்தைந்து வருடம் புள்ளியியல் கற்பித்தவனுக்கு இது பெரிய வேலை இல்லைதான். ஆனாலும் தினமும் காலையில் முதலிலிருந்து எண்ணிப் பார்ப்பேன். ஒரு நாள் எண்பத்து நான்கு வந்தது. அன்று காபி இறங்கவில்லை. பிறகு பார்த்தால் சின்னத் தாத்தா ஒருவரை இரண்டு முறை எண்ணியிருக்கிறேன். அவருக்கு இரண்டு மனைவிகள். தாளில் இருவருக்கும் நடுவே கொஞ்சம் அகலமாக உட்கார்ந்திருந்தார்.

இந்த வேலையை எனக்குக் கொடுத்தவள் என் தங்கை. எனக்கு எழுபத்தாறு, அவளுக்கு எழுபது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி போனபிறகு ஸ்ரீரங்கத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருபத்திரண்டு வயதில் அவளுக்கு மனநிலைக் கோளாறு முதல் தடவையாக வந்தது. ஒன்பது நாள் தூங்கவில்லை. வீட்டிலிருந்த பித்தளை, வெண்கலம் அத்தனையையும் தேய்த்துக் கவிழ்த்தாள், பிறகு தன் பட்டுப்புடவைகளைக் கோபுர வாசலில் பூ விற்கும் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு வந்தாள். பதினொரு புடவை. அடுத்த நான்கு மாதம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஏறினால் கோபுரம், இறங்கினால் கிணறு. அந்த நோய்க்கு அன்று எங்கள் வீட்டில் பெயர் இல்லை. இன்று அவளே பெயர் சொல்வாள், மருந்தின் பெயரும் சொல்வாள். லித்தியம் அவளை முப்பது வருடமாகத் தரையில் நடக்க வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வாரத்துக்கான மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போடுவது என் பொறுப்பு. அவள் அதைத் திரும்ப எண்ணுவாள்.

தில்லைநகரில் அவள் காட்டும் டாக்டரின் கிளினிக்கில், வெளியூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து ஓர் இளம் பெண் டாக்டர் வியாழக்கிழமைகளில் வந்து உட்கார ஆரம்பித்தார். பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர். மனநிலைக் கோளாறுகளோடு தொடர்புள்ள மரபணுக்களைத் தேடும் வேலை அவருடையது. தங்கையின் முறை வருவதற்காக நாங்கள் காத்திருந்தபோது அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? உங்க ரத்தம் கொஞ்சம் எங்களுக்குக் குடுப்பீங்களா? கட்டாயம் இல்ல."

"எதுக்கு?" என்றேன் நான். அவள் பதில் சொல்வதற்குள் நான் சொல்லிவிடுவது பழக்கமாகிவிட்டது.

"சில குடும்பங்கள்ல இது ஒருத்தருக்கு மேல வருது சார். அவங்க ரத்தத்துல என்ன பொதுவா இருக்குன்னு தேடறோம். ஒரே ஒரு ஜீன்னு நினைச்சுடாதீங்க. நூத்துக்கணக்குல இருக்கலாம். ஒவ்வொண்ணும் தம்மாத்தூண்டு தள்ளுது, அவ்வளவுதான்."

எனக்கு அந்தக் கணமே அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. சின்னச் சின்னதாக நூறு காரணங்கள் சேர்ந்து ஒரு பெரிய விளைவைத் தருவது என் பாடத்தின் இதயம். ஆனால் கவலையும் கூடவே வந்தது. குடும்பத்தில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் மூன்று பேர். பெயர் வெளியே போனால்? வீடு திரும்பும்வரை ஆட்டோவில் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். பெயர் போகாது, எண் மட்டும்தான் என்று டாக்டர் சொன்னதை நானே சொல்லி, நானே மறுத்தேன். காவிரிப் பாலத்தில் ஏறியதும் தங்கை என் கையைத் தட்டினாள்.

"அண்ணா, ஐம்பது வருஷமா எல்லாரும் எனக்குப் பண்ணிண்டே இருக்கேள். சாதம் போடறேள், மாத்திரை தரேள், வாசல்ல ஆள் வந்தா என்னை உள்ள போகச் சொல்றேள். என்கிட்ட இருந்து வேணும்னு இதுவரைக்கும் ஒருத்தர் ஒண்ணு கேட்டதில்லை. இன்னிக்குத்தான் ஒரு பொண்ணு கேட்டிருக்கு. நான் குடுக்கணும்."

மறுநாள் காலண்டரைக் கழற்றினேன்.

மூன்று வாரத்தில் மரம் முடிந்தது. கறுப்பு நிரப்பிய வட்டம் ஒன்றே ஒன்று: தங்கை. கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் காவிரிக் கரையில் பேசிக்கொண்டே திரிந்தார் என்று கேள்விப்பட்டதைப் பென்சிலால் லேசாக நிழலிட்டேன். மற்ற எண்பத்தோரு பேரும் வெள்ளை. தாளைச் சுருட்டி, மழைக்காகப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வியாழக்கிழமை எடுத்துப் போனோம். தங்கை புதுச் சுங்குடிப் புடவை கட்டியிருந்தாள்.

டாக்டர் தாளை மேஜையில் விரித்து, நாலு மூலையிலும் பேப்பர் வெயிட் வைத்துப் பார்த்தார். "சார், இவ்வளவு அழகா யாரும் போட்டுக் குடுத்ததில்ல" என்றார். பிறகு விரலை மேலும் கீழும் நகர்த்தினார். முகம் மெல்ல வாடியது.

"கூடப் பிறந்தவங்கள்ல இன்னொருத்தருக்கு இருக்கணும் சார். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவங்கள்ல குறைஞ்சது ரெண்டு பேர். அப்பத்தான் இந்த ஆராய்ச்சியில சேர்க்க முடியும். நீங்க ரெண்டே பேர்தான், அதுல உங்களுக்கு இல்ல. என்னை மன்னிச்சுக்கங்கம்மா."

தங்கை தலையை ஆட்டினாள். "பரவாயில்லைம்மா" என்றாள். கிளினிக்கில் அந்த வார்த்தையை மூன்று முறை சொன்னாள், ஆட்டோவில் புதுப் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தாள். நான் பாலத்து விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். அவளுக்கு இறக்கம் ஆரம்பித்துவிடுமோ என்ற நினைப்பில் எண்ணிக்கை தவறியது. இந்த மாதிரி ஏமாற்றம் ஒன்று போதும். இரண்டு நாள் அவள் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை காலை, கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, மன்னார்புரத்து அத்தான் யார் வயத்துல பொறந்தார்?"

"அத்தை..." என்று ஆரம்பித்தேன். நிறுத்தினேன்.

இதை விளக்க வேண்டும். எங்கள் அப்பாவின் அக்காவுக்குக் குழந்தை இல்லை. எனக்கு ஆறு வயதில், என் தம்பியை, மூன்று வயதுக் குழந்தையை, அத்தைக்கும் அத்தை கணவருக்கும் ஸ்வீகாரம் கொடுத்தார்கள். அம்மா அப்போது தங்கையைச் சுமந்துகொண்டிருந்தாள். இன்னொன்று வரப்போகிறதே என்றுதான் துணிந்தார்கள் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். ஹோமத்துக்கு முன்னால் அப்பா மடியில் உட்கார்ந்திருந்தவன், பிறகு அத்தை கணவர் மடியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான் நான் பார்த்தது. அன்றிலிருந்து அவனுக்குக் கோத்திரம் வேறு, தகப்பன் பெயர் வேறு. எங்கள் குடும்பங்களில் இதை விளையாட்டாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெற்றவளை அவன் மாமி என்றுதான் கூப்பிட்டான். என்னை அம்மாஞ்சி என்பான். மாமன் மகனுக்கு எங்கள் வழக்கில் அதுதான் பெயர், ஊரார் அந்தச் சொல்லுக்கு வைத்திருக்கும் அர்த்தம் எனக்குத் தெரியும். தங்கை அவனை அத்தான் என்பாள். அம்மா பரமபதித்தபோது எனக்குப் பத்து நாள் தீட்டு, அவனுக்கு மூன்று நாள்தான். நான்காம் நாள் அவன் வங்கிக்கு வேலைக்குப் போனான். தங்கைக்குப் பத்தொன்பது வயதில் கும்பகோணத்து உறவுக்காரர் ஒருவர் விஷயம் தெரியாமல், "சொந்த அத்தை பிள்ளை இருக்கச்சே வெளியில எதுக்கு வரன் தேடறேள்?" என்று கேட்டு, அப்பா அவரைப் பாதி காபியோடு எழுப்பி அனுப்பினார்.

நானோ எண்பத்து மூன்று பேரை எண்ணியவன். கூடப்பிறந்தவனை அத்தைக்குக் கீழே சதுரம் போட்டு உட்கார வைத்துவிட்டேன். ஒரு கணம்கூட கை தயங்கவில்லை.

"சரி, நம்ம அம்மா வயத்துல பொறந்தவன்தான். அதனால என்ன? அவனுக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"இல்லையா? அவருக்கு எத்தனை தடவை மஞ்சள் காமாலை வந்தது, சொல்லு."

எனக்கு இதெல்லாம் மனப்பாடம். "நாலு."

"ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் லீவு?"

"ரெண்டு மாசம், மூணு மாசம், ரெண்டு மாசம், அஞ்சு மாசம்."

"நாலு தடவை காமாலை வந்தவர் வத்தக்குழம்பும் வறுத்த அப்பளமும் சாப்பிட்டுண்டு எழுபத்து மூணு வயசு வரைக்கும் இருப்பாரா? ஒவ்வொரு தடவையும் அதுக்கு முன்னாடி என்ன வாங்கினார்?"

எண்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. கூட்டித்தான் பார்க்கவில்லை. முதல் காமாலைக்கு முன் ஒரே வாரத்தில் மூன்று கிரைண்டர். இரண்டாவதற்கு முன் தலைமை அலுவலகத்துக்கு நாற்பது பக்கத்தில் ஒரு கடிதம், வங்கியை எப்படி நடத்துவது என்று. மூன்றாவதற்கு முன் வையம்பட்டிப் பக்கம் தண்ணீர் இல்லாத நிலத்தில் இருநூறு தென்னங்கன்று நட்டான்.

"நாலாவதுக்கு முன்னாடி, அவர் பொண்ணு கல்யாணத்துல மேடையில நின்னுண்டு பேசினாரே, நிறுத்தாம. அந்தக் கண்ணு எனக்குத் தெரியும் அண்ணா. கண்ணாடியில பார்த்திருக்கேன்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"நீதான் கேக்கலையே" என்று சொல்லிக் கத்தியை எடுத்துக்கொண்டாள். கத்திரிக்காய் கறுத்துவிட்டிருந்தது.

அன்று மாலையே ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தோம். நான் வேண்டாம் என்று நான்கு காரணங்கள் சொன்னேன். அவன் கோபிப்பான், அவன் மனைவி கோபிப்பார், சொந்தம் விட்டுப்போகும், மழை வரும். "குடை எடுத்துக்கோ" என்றாள்.

மன்னார்புரத்தில் அத்தான் வீடு இரண்டாம் மாடி, முப்பத்து நான்கு படி. கதவைத் திறந்தவர் அவன் மனைவி. வாங்கோ வாங்கோ என்று உட்கார வைத்து, காபி போட உள்ளே போனார். அத்தான் ஈஸிசேரில் இருந்து எழுந்தான். சுற்றி வளைக்கத் தெரியாதவள் என் தங்கை. ஆராய்ச்சி, ரத்தம், கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர் என்று மூன்று நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பாதியிலேயே அவன் முகம் இறுகியது.

"எனக்கு வந்தது ஜான்டிஸ்" என்றான் என்னைப் பார்த்து. "இவளை இப்படிப் பேச விட்டு நீயும் கூட வந்திருக்கே, அம்மாஞ்சி!"

நான் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை கோபப்படவில்லை.

"சரி, ஜான்டிஸ். அதுக்கு முன்னாடி எத்தனை நாள் தூங்காம இருந்தேள்?"

சமையலறையில் டவராச் சத்தம் நின்றுவிட்டது.

"நான் ஒன்பது நாள்" என்றாள் தங்கை.

"ஒன்பதா?" அவன் திரும்பிவிட்டான். "பொய் சொல்லாதே. ஒன்பது நாள் ஒருத்தராலயும் முடியாது. எனக்கு அஞ்சுக்கே..."

நிறுத்திக்கொண்டான். ஆனால் வார்த்தை வெளியே வந்து நடு ஹாலில் உட்கார்ந்துவிட்டது.

"அஞ்சு இல்லை" என்று உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் வந்தது. "ஆறு. ஆறாம் நாள்தான் கிரைண்டர் வந்தது. வண்டியில இருந்து ஒண்ணொண்ணா இறக்கறான் கடைக்காரன். நான் வாசல்ல நின்னுண்டு, அடுத்த வீட்டு மாமிகிட்ட, சம்பந்தி வீட்டுக்குச் சீர்னு சொன்னேன். அப்போ எங்க பொண்ணுக்கு ரெண்டு வயசு."

முதலில் சிரித்தது தங்கைதான். பிறகு காபியோடு வெளியே வந்த அவன் மனைவி. அத்தான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு உதடு துடித்தது, அழப்போகிறான் என்று நான் பயந்து எழுந்துவிட்டேன். அழவில்லை. சிரிப்பு அடக்கமுடியாமல்தான் துடித்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அதுல ஒண்ணு இன்னும் நன்னா ஓடறது" என்றான்.

அப்புறம் தங்கையும் அவனும் பேசிய பேச்சை என்னால் பின்தொடர முடியவில்லை. ஒரே ஊருக்கு வெவ்வேறு வருடங்களில் யாத்திரை போய்வந்த இருவர் பேசுவதுபோல் இருந்தது. "அந்தச் சமயத்துல நிறமெல்லாம் பளிச்சுனு ஆயிடும் இல்லையா?" என்று அவள் கேட்டாள். "இலை ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியும்" என்றான் அவன். "பல் தேய்க்கணும்னா மலை ஏறணும்போல இருக்குமே, அது?" என்றாள். "பிரஷ்ஷைப் பார்த்துண்டே ஒரு மணி நேரம் நின்னிருக்கேன்" என்றான். அவன் வேறு ஊர் மருத்துவரிடம் காட்டினான் என்றும், பி.பி. மாத்திரை என்று சொல்லிக்கொண்டிருந்தது பி.பி. மாத்திரை இல்லை என்றும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காபி மூன்று முறை வந்தது. நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனாலும் கிளம்பும்போது அவன் சம்மதம் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன். எங்கப்பாவுக்குப் பிள்ளையாப் போனவன் நான். கையெழுத்துப் போட்டு மாமா பேரைத் தகப்பன்னு எழுதறதுன்னா... ஆத்து வைதிகத்துக்கு வர வாத்தியாரைக் கேக்கணும்."

படியில் இறங்கும்போது தங்கை சொன்னாள்: "வரலைன்னாலும் பரவாயில்லை." அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. கிளினிக்கில் மூன்று முறை கேட்ட அதே வார்த்தை.

அடுத்த பதினோரு நாட்கள் நான் தூக்கம் கெட்டேன். தொலைபேசி மணி அடித்த ஒவ்வொரு தடவையும் அவன்தான் என்று ஓடினேன். இருபத்தாறு அழைப்புகள், அதில் ஒன்பது கடன் வேண்டுமா என்று கேட்டவர்கள். தங்கை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தன் பழைய மருந்துச் சீட்டுகளையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி, கோப்பில் போட்டுக் கட்டி, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கோப்பைப் பிரித்து எடுத்துவைக்கும் நாள் வந்தால் நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

பன்னிரண்டாம் நாள் தொலைபேசியில் அத்தான்.

"வாத்தியாரைப் பார்த்தேன். முழுக்கக் கேட்டுண்டார். கண்ணை மூடிண்டு கால் மணி நேரம் யோசிச்சார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எடுத்த ரத்தத்தைத் திருப்பிக் குடுப்பாளான்னு."

"நீ என்ன சொன்னே?"

"குடுக்கமாட்டான்னேன். 'அப்போ தானம்தான், தாராளமாப் பண்ணுங்கோ. பெத்தவா யாருன்னு டாக்டர் கேட்டா பெத்தவா பேரைச் சொல்லுங்கோ, தர்ப்பணத்துல நான் கேட்டா மத்தவா பேரைச் சொல்லுங்கோ'ன்னுட்டார்."

நான் ரிசீவரை மூடிக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டேன். அவள் சமையலறையிலிருந்து வரும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "வராரா?" என்றாள். அப்படியே உள்ளே திரும்பிப் போய், பாலை அடுப்பில் ஏற்றி, அக்காரவடிசல் பண்ண ஆரம்பித்துவிட்டாள். காலை பத்தரை மணிக்கு. ஏற்றம் ஆரம்பிக்கிறதோ என்று எனக்கு ஒரு கணம் சந்தேகம். இல்லை, வெறும் சந்தோஷம்தான். அதுவும் அவளுக்கு வரும் என்பதை நான் அடிக்கடி மறந்துவிடுகிறேன்.

மரத்தைப் புதிதாக வரைந்தேன். பெற்றவர்களிடமிருந்து நேர்க்கோடு, வளர்த்தவர்களிடமிருந்து புள்ளிக்கோடு போடலாம் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். எனக்கும் தங்கைக்கும் நடுவில், இவ்வளவு காலம் நான் காலியாக விட்டிருந்த இடத்தில், ஒரு சதுரம் வந்தது. அதைக் கறுப்பாக நிரப்பினேன். மொத்தம் அதே எண்பத்து மூன்றுதான்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கிளினிக்கில் எங்கள் மூவருக்கும் நேரம் கொடுத்திருந்தார்கள். அத்தான் மனைவியோடு முன்னதாகவே வந்துவிட்டான். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது, முகம்தான் வாடியிருந்தது.

"என்ன, பயமா?" என்றேன்.

"பசி. வெறும் வயத்தோட வந்திருக்கேன்."

"நானும்தான். முந்தாநாளே எழுதி வெச்சுட்டேன், ராத்திரி எட்டரை மணிக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடக்கூடாதுன்னு."

டாக்டர் வெளியே வந்தார். "சாப்பிட்டு வரலாம்னு ஃபாரத்துல போட்டிருந்தோமே சார்! இது சர்க்கரை டெஸ்ட் இல்ல. ஜீன் இட்லிக்கெல்லாம் மாறாது."

நாங்கள் இருவரும் தங்கையைப் பார்த்தோம். அவள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். "நான் நாலு இட்லி சாப்பிட்டேன். ஃபாரத்தைப் படிச்சவ நான் ஒருத்திதானே."

"சொல்லக்கூடாதா?" என்றேன்.

"நீ எண்ணிண்டு இருந்தே. நடுவுல பேசினா திட்டுவே."

ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேள்விகள் கேட்டார்கள். எனக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிடம். கவலைப்படுவீர்களா? ஆம். எதைப் பற்றி? சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார், ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "சார், உங்களுக்கு நாங்க தேடற நோய் இல்ல. நீங்க ஒப்பிட்டுப் பார்க்க. கூடப் பிறந்து, நோய் வராதவர்" என்றார்.

கதவுக்கு வெளியே தங்கை காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். "இவரா நார்மல்?" என்று கேட்டது வரவேற்பறை முழுக்கக் கேட்டிருக்கும். "டாக்டரம்மா, நன்னாப் பாருங்கோ. இவர் கோவிலுக்குப் போனா தூண் எண்ணிண்டு பெருமாளை விட்டுட்டு வருவார்!"

"கவலை வேற லிஸ்ட்ம்மா" என்றார் டாக்டர். "அதுக்கு ஆராய்ச்சி வரும்போது சாரைக் கூப்பிடறேன்." அத்தானுக்குச் சிரிப்பில் புரையேறியது. எனக்கு வருத்தமில்லை. ஆனால் மூன்று பேரில் இரண்டு பேர் ஒரு பக்கம், நான் ஒருவன் மறுபக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தங்கை ஐம்பது வருடம் அந்தப் பக்கம் தனியாக நின்றிருக்கிறாள்.

சீட்டு ஒட்டும் நேரம் வந்தது. எங்கள் குடும்பத்துக்கு ஓர் எண். அதற்குப் பக்கத்தில் ஆளுக்கு ஓர் எண். வயதுப்படி நான்தான் முதல் என்று கையை நீட்டினேன். டாக்டர் என் கையை மெதுவாக ஒதுக்கினார்.

"யார் மூலமா குடும்பம் எங்களுக்குக் கிடைச்சதோ அவங்கதான் ஒண்ணு. அம்மா, நீங்க வாங்க."

தங்கை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு முறை குத்திக் குத்தி அவளுக்கு வலது கையில் நரம்பு கிடைப்பது கஷ்டம். நர்ஸ் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் கீழ பாரும்மா, அங்க ஒருத்தி ஒளிஞ்சிண்டு இருப்பா" என்று அவளே வழிகாட்டினாள். கருஞ்சிவப்பாகக் குழாய் நிறைந்தது. அத்தான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து அவன். அவன் சட்டைக் கையைச் சுருட்டும்போது, "உங்க பேர் போட்ட இடத்துல உறவுன்னு கேட்டிருக்கு. எங்க வீட்ல அத்தை மகனை மச்சான்னு சொல்லுவோம். இவங்க உங்களை அத்தான்னு கூப்பிடறாங்க. நான் என்னன்னு எழுத?" என்று டாக்டர் கேட்டார்.

"எழுதறதை நேர்க்கோட்டுப்படி எழுதுங்கோ" என்றான் அத்தான். "அவ கூப்பிடறதைப் புள்ளிக்கோட்டுப்படி கூப்பிடட்டும்."

மூன்று குழாய்களும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக நின்றன. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எப்போது தெரியும் என்று நான் கேட்டேன். நான் கேட்காமல் யார் கேட்பார்கள்?

"உண்மையைச் சொல்லணும்னா சார், வருஷக்கணக்கா ஆகும். உங்க மூணு பேர் ரத்தத்துல இருந்து தனியா ஒண்ணும் தெரியாது. இன்னும் எத்தனையோ குடும்பம் சேரணும். கடைசியில ஒண்ணும் கிடைக்காமலும் போகலாம்." டாக்டர் தங்கையின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இதனால நேரா ஒரு பலனும் இருக்காதும்மா. முதல்லயே சொன்னேன், மறுபடி சொல்றேன்."

தங்கை பஞ்சை அழுத்திப் பிடித்தபடி தட்டில் இருந்த முதல் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுக்கும்மா பலன்? உங்களுக்கு இது போறுமா?" என்று சொல்லி, பஞ்சை அத்தானிடம் பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு, மற்றக் கையை மேஜைமேல் நீட்டினாள். "வேணும்னா இதுலயும் எடுத்துக்கோங்கோ. இதுல நரம்பு நன்னாத் தெரியும்."

"எனக்கும் இன்னொரு கை இருக்கு" என்றான் அத்தான்.

டாக்டர் மாஷா அல்லாஹ் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, போதும் போதும் என்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர்கள் கேட்பதாக இல்லை. இது தெளிவாக இருக்கிறது, அது தெளிவாக இருக்கிறது என்று நர்ஸிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான்தான் அவசரப்படுத்த வேண்டியிருந்தது. மணி பன்னிரண்டு பத்து, எங்களில் இரண்டு பேர் இன்னும் பட்டினி.